ஓடாமல் நிற்கும் சிறிய ரயில்: பழைய மாதிரி எஞ்சினுக்கு உதிரிப்பாகம் தேடும் வழி



சென்ற மாத உரையில் பழைய தையல் மெசின்களைத் திருத்துவது பற்றிக் கதைத்திருந்தேன். அதைக் கேட்ட நேயர்கள் சிலர், “தையல் மெசின் இருக்கட்டும், எங்கட வீட்டில ஒரு சின்ன ரயில் எஞ்சின் ஓடாமல் கிடக்குது. அதுக்குச் சாமான் எங்க எடுக்கலாம்?” என்று கேட்டிருந்தார்கள். பலெர்மோவில் வாழும் எம்மவர் வீடுகளில் இப்படியான எஞ்சின்கள் இருப்பதில் வியப்பில்லை. பொலிதேயாமா சதுக்கத்தைச் சுற்றியும் லிபெர்த்தா வீதி நெடுகிலும் உள்ள பழைய அடுக்குமாடி வீடுகளில் எம்மவர் பலர் வேலை செய்கிறார்கள். வயோதிபர்களைப் பராமரிக்கிறார்கள். அந்த வீடுகளின் அலுமாரிகளிலும் நிலவறைகளிலும் 1960களிலும் 1970களிலும் வாங்கிய விளையாட்டு ரயில்கள் உறங்குகின்றன. வீடு விற்கப்படும்போதோ, பெரியவர் ஒருவர் காலமாகும்போதோ, “உங்கள் பிள்ளைக்குக் கொண்டு போங்கள்” என்று ஒரு மட்டைப்பெட்டி எமது கைக்கு வந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் எஞ்சின் ஓடாது. பிள்ளை இரண்டு நாள் பார்த்துவிட்டு மறந்துவிடும்.

இன்று நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த எஞ்சின்களில் பெரும்பாலானவற்றை ஓடவைக்கலாம். ஆனால் எஞ்சினின் பெயரைச் சொல்லி உதிரிப்பாகம் தேடினால் கிடைப்பது அரிது. அதைச் செய்த நிறுவனம் எது, உள்ளே இருக்கும் மோட்டர் எந்த வகை, பழுதான பாகத்தின் அளவு என்ன என்ற மூன்றையும் அறிந்து தேடினால்தான் பாகம் அகப்படும். ஏன் அப்படி என்பதையும், பலெர்மோவில் இருந்துகொண்டு எப்படித் தேடலாம் என்பதையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் செய்தது?

இத்தாலிய வீடுகளில் அதிகம் காணப்படுபவை இரண்டு நிறுவனங்களின் ரயில்கள். ஒன்று ரிவரொஸ்ஸி. 1945 இல் தொடங்கப்பட்டது, கோமோ நகரைச் சேர்ந்தது. மற்றது லீமா. 1946 இல் விச்சென்சா நகரில் உலோக வார்ப்பு வேலைகளுக்காகத் தொடங்கப்பட்டு, பின்னர் விளையாட்டு ரயில்களுக்கு மாறியது. ரிவரொஸ்ஸி நுணுக்கமான வேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்றது. லீமா சாதாரண குடும்பங்களும் வாங்கக்கூடிய விலையில் விற்றது. லீமா இத்தாலிய ரயில்களை மட்டும் செய்யவில்லை. ஜெர்மன், பிரெஞ்சு, பிரித்தானிய ரயில்களின் மாதிரிகளையும் செய்து அந்தந்த நாடுகளுக்கு அனுப்பியது. இதை மனதில் வைத்திருங்கள், பிறகு உதவும்.

1990களில் இவை இரண்டும் ஒரே குழுமமாகின. பிரான்சின் ஜூஃப், ஜெர்மனியின் ஆர்னோல்ட் ஆகிய பெயர்களும் அதில் சேர்ந்தன. அந்தக் குழுமம் வங்குரோத்தானபோது, 2004 இல் பிரித்தானியாவின் ஹோர்ன்பி நிறுவனம் இந்தப் பெயர்களையும் அச்சுகளையும் வாங்கியது. அதன் பின்னர் வந்த புதிய எஞ்சின்கள் பெட்டியில் பழைய பெயரைத் தாங்கியிருந்தாலும் உள்ளே வேறு. ஆகவே “ரிவரொஸ்ஸி பாகம்” என்று கடையில் கேட்டால், 2004 க்கு முந்தியதா பிந்தியதா என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஜெர்மனியின் மார்க்லின். 1859 இல் தொடங்கப்பட்ட பழம்பெரும் நிறுவனம். அதன் பழைய ரயில்களை அடையாளம் காண்பது இலகு. தண்டவாளத்தின் நடுவே மூன்றாவது மின்வழியாகச் சிறிய குமிழ்கள் வரிசையாக இருக்கும், அல்லது நடுவில் ஒரு தனிக் கம்பி ஓடும். இவை ஆடலோட்ட மின்சாரத்தில் ஓடுபவை. லீமா, ரிவரொஸ்ஸி ஆகியவை இரண்டு தண்டவாளங்களிலும் வரும் 12 வோல்ற் நேரோட்ட மின்சாரத்தில் ஓடுபவை. இரண்டையும் மாற்றிப் போடக்கூடாது. புதிய டிஜிட்டல் முறைத் தண்டவாளத்திலும் பழைய எஞ்சினை வைக்கக்கூடாது. மோட்டர் சூடாகிக் கருகிவிடும்.

எஞ்சினைப் புரட்டி அடிப்பாகத்தைப் பாருங்கள். பெயர் அங்கேதான் இருக்கும். தண்டவாளத்தின் உள் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். 16.5 மில்லிமீற்றர் என்றால் எச்-சீரோ என்னும் அளவு, உண்மையான ரயிலில் 87 இல் ஒரு பங்கு. 9 மில்லிமீற்றர் என்றால் என் என்னும் அளவு, 160 இல் ஒரு பங்கு. பழைய ரிவரொஸ்ஸி மாதிரிகள் பல 80 இல் ஒரு பங்காகச் சற்றுப் பெரிதாகச் செய்யப்பட்டவை. அவை ஓடுவதும் அதே 16.5 மில்லிமீற்றர் தண்டவாளத்தில்தான். ஆனால் வேறு நிறுவனத்தின் மேல்கூட்டையோ படிக்கட்டையோ அவற்றுக்கு வாங்கினால் பொருந்தாது.

பாகம் தேட முன் செய்ய வேண்டியவை

ஓடாத எஞ்சின் எல்லாம் பழுதான எஞ்சின் அல்ல. காசு செலவழிக்க முன்னர் நான்கு விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது, பழைய மின்மாற்றி. அதை மின்சாரத்தில் செருகவே வேண்டாம். இத்தாலியில் முன்னர் 125, 160, 220 வோல்ற் என்று வெவ்வேறு மின்னழுத்தங்கள் பாவனையில் இருந்தன. பழைய மின்மாற்றிகள் சிலவற்றில் அதைத் தெரிவு செய்யும் ஆளி ஒன்று இருக்கும். அது 125 இல் நின்றால் இன்றைய மின்சாரத்தில் எரிந்துவிடும். வயரின் மேலுறையும் காய்ந்து உதிர்ந்திருக்கும். பிள்ளைகள் தொடும் பொருள் இது. புதிதாக ஒரு 12 வோல்ற் நேரோட்டக் கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்குவதே பாதுகாப்பு.

இரண்டாவது, பற்றரிச் சோதனை. ஒரு துண்டுத் தண்டவாளத்தில் எஞ்சினை வைத்து, 9 வோல்ற் பற்றரியின் இரு முனைகளையும் இரு தண்டவாளங்களிலும் வயரால் தொடுங்கள். மோட்டர் உறுமினாலோ துடித்தாலோ உயிர் இருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனை இரு தண்டவாள நேரோட்ட எஞ்சின்களுக்கு மட்டும் உரியது.

மூன்றாவது, சுத்தம். தண்டவாளத்தையும் சில்லுகளையும் ஐசோபுறோப்பைல் அற்ககோலில் நனைத்த துணியால் துடையுங்கள். லீமா எஞ்சின்களில் முன் சில்லுத்தொகுதி ஒரு தண்டவாளத்திலிருந்தும், பின் சில்லுத்தொகுதி மற்றத் தண்டவாளத்திலிருந்தும் மின்சாரம் எடுப்பதைப் பொதுவாகக் காணலாம். ஆகவே மோட்டர் இல்லாத பக்கத்துச் சில்லு அழுக்காக இருந்தாலும் எஞ்சின் ஓடாது.

நான்காவது, எண்ணெய். நாற்பது வருடப் பழைய கிறீஸ் மெழுகுபோல் இறுகியிருக்கும். அதைத் துடைத்து எடுத்துவிட்டு, தையல் மெசின் எண்ணெயை ஊசிமுனையால் ஒரு துளி வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். பலெர்மோவில் மாரிகாலத்தில் உங்கள் சமையலறைப் போத்தலைப் பார்த்தாலே தெரியும்.

இந்த நான்கும் செய்த பின்னரும் ஓடவில்லை என்றால் பாகம் தேட வேண்டியதுதான்.

எந்தப் பாகம், என்ன அளவு?

முதலில் தேய்வது மோட்டர் கரி. மோட்டரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் சிறிய கரித்துண்டு அது. இத்தாலியர்கள் இதைக் கார்பொன்சீனி என்பார்கள். இரண்டு கரிகளையும் கழற்றி, நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் வேர்னியர் அளவுகோலால் அளந்து எழுதுங்கள். சரியான அளவு கிடைக்காவிட்டால் சற்றுப் பெரிய கரியை வாங்கி மணல்தாளில் உரசி அளவுக்குக் கொண்டுவரலாம். கை இயந்திரங்களுக்கு விற்கும் சிறிய கரியும் இதற்கு உதவும். கரியைத் தள்ளும் ஸ்பிரிங்கைப் பேனையில் இருந்து எடுத்துப் போட வேண்டாம். அது பலமானது. கரியையும் அது உரசும் செப்புத் தகட்டையும் வேகமாகத் தேய்த்துவிடும். இன்னொன்று, மிகப் பழைய மோட்டர்களில் சுழலும் பகுதியைக் காந்தத்தை விட்டு வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது. பழைய அல்னிக்கோ வகைக் காந்தங்கள் அப்படிச் செய்தால் பலம் குறையும்.

இரண்டாவது, சில்லு இறப்பர். எஞ்சின் வழுக்காமல் பெட்டிகளை இழுப்பதற்காக ஓரிரு சில்லுகளில் மெல்லிய இறப்பர் வளையம் போட்டிருப்பார்கள். இத்தாலியில் அனெல்லி தி அதெரென்சா. இது காய்ந்து வெடித்தால் மோட்டர் சுழலும், எஞ்சின் நின்ற இடத்தில் நிற்கும். சில்லில் உள்ள பள்ளத்தின் விட்டத்தையும் அகலத்தையும் அளவுங்கள். வாங்கும் வளையத்தின் உள்விட்டம் அதைவிடச் சற்றுச் சிறிதாக இருக்க வேண்டும். உதாரணமாக, பள்ளம் 10 மில்லிமீற்றர் என்றால் 8.5 முதல் 9 வரையான வளையம் இறுகப் பிடிக்கும். தண்ணீர்க்குழாய்க் கடையில் கிடைக்கும் உருண்டை வளையம் அவசரத்துக்குச் சரி. ஆனால் அது பள்ளத்துக்கு மேலே எழும்பி நிற்பதால் எஞ்சின் ஆடி ஆடி ஓடும். தட்டையான வளையமே நல்லது.

மூன்றாவது, பற்சில்லு. இத்தாலியில் இங்ரனாஜ்ஜோ. பிளாஸ்ரிக் பற்சில்லு காலப்போக்கில் சுருங்கும். உள்ளே இருக்கும் இரும்பு அச்சு சுருங்காது. அதனால் பற்சில்லு அச்சோடு சேரும் இடத்தில் வெடிக்கும். எஞ்சின் ஓடும்போது “டிக், டிக்” என்று ஒரே இடைவெளியில் சத்தம் கேட்டால் காரணம் பெரும்பாலும் இதுவே. ஒட்டுப்பசை இங்கே நிற்காது. மாற்றத்தான் வேண்டும். இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பற்களை எண்ணுங்கள். வெளி விட்டத்தை அளவுங்கள். பற்களின் எண்ணிக்கையோடு 2 ஐக் கூட்டி, அதனால் விட்டத்தைப் பிரியுங்கள். 20 பற்கள், வெளி விட்டம் 8.8 மில்லிமீற்றர் என்றால், 8.8 ஐ 22 ஆல் பிரிக்க 0.4 வரும். இந்த எண்ணை மொட்யூல் என்பார்கள். மொட்யூல், பற்களின் எண்ணிக்கை, அச்சுத் துளையின் விட்டம், தடிப்பு, இந்த நான்கையும் சொன்னால், எஞ்சின் என்ன என்று தெரியாமலே பற்சில்லு விற்பவர் எடுத்துத் தருவார். பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எதற்கு என்று கேட்டால் இதைக் காட்டுங்கள்.

நான்காவது, உலோக வார்ப்பு அடித்தளம். நாகக் கலப்புலோகத்தில் ஈயம் போன்ற அசுத்தம் சிறிதளவு சேர்ந்திருந்தாலும், பல வருடங்களுக்குப் பின் அது வீங்கி, வெடித்து, பாண் துண்டுபோல் உதிரும். ஈரலிப்பு இதை விரைவுபடுத்தும். இதற்கு வைத்தியம் இல்லை. அடித்தளத்தை முழுதாக மாற்ற வேண்டும். பழையது கிடைத்தாலும் அதற்கும் அதே வருத்தம் வரலாம். இன்று முப்பரிமாண அச்சில் செய்த மாற்று அடித்தளங்கள் சில எஞ்சின்களுக்கு விற்கப்படுகின்றன. பழைய எஞ்சினை விலைக்கு வாங்குவதென்றால், வாங்க முன்னர் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

ஐந்தாவது, வெளியில் உள்ளவை. கூரையில் நிற்கும் மின்தொடுகை, அதாவது பந்தோகிராஃபோ, பெட்டிகளைக் கொழுவும் கான்சோ, முன்விளக்கு ஆகியவை. மின்தொடுகைகளை ஜெர்மனியின் சொம்மர்ஃபெல்ட் போன்ற நிறுவனங்கள் தனியாகவே செய்து விற்றுள்ளன. பழைய 12 வோல்ற் மின்குமிழுக்குப் பதிலாக எல்.ஈ.டி. போடுவதென்றால் ஒரு கிலோ ஓம் தடை ஒன்றைச் சேர்த்துப் பூட்ட மறக்கவேண்டாம்.

பெயர் வேறு, வயிறு ஒன்று

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். பிள்ளையின் கையில் இருப்பது இத்தாலிய ரயில்வேயின் ஈ 656 எஞ்சினின் லீமா மாதிரி என்று வைத்துக்கொள்வோம். இத்தாலியர்கள் இந்த எஞ்சினுக்குக் கைமானோ, அதாவது முதலை, என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். “லீமா கைமானோ மோட்டர்” என்று தேடினால் ஒன்றோ இரண்டோ வரும், விலையும் கூட. ஆனால் லீமா நிறுவனம் பல வருடங்களாகத் தனது எஞ்சின்கள் பலவற்றுக்கு ஒரே வகையான தட்டை மோட்டரையே பாவித்தது. மேற்கூடு மட்டும் நாட்டுக்கு நாடு மாறியது. ஆகவே யாருக்கும் வேண்டாத ஒரு ஜெர்மன் டீசல் எஞ்சின், மேற்கூடு உடைந்த ஒரு பிரித்தானிய எஞ்சின், இவற்றின் வயிற்றுக்குள் உங்கள் முதலைக்கு வேண்டிய மோட்டர் இருக்கக்கூடும். படத்தைப் பார்த்து மோட்டரின் வடிவத்தையும் சில்லுகளின் இடைவெளியையும் ஒப்பிட்டால் போதும்.

உண்மையான எஞ்சின்களின் கதையும் இதுதான். இலங்கை ரயில்வேக்கு 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவில் செய்த டீசல் எஞ்சின்கள் வந்தன. எம்-2 வகை என்பார்கள். ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடா மாகாணங்களின் பெயர் தாங்கியவை. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியை இழுத்த எஞ்சின்களில் இவையும் உண்டு. எழுபது வருடங்கள் கடந்தும் அவற்றில் சில ஓடுவதற்குக் காரணம், பொறியின் தரத்தோடு இன்னொன்றும் உண்டு. அதே ஜெனரல் மோட்டர்ஸ் பொறி உலகின் பல நாடுகளில் ஓடியது. அதன் சிலிண்டரும் பிஸ்ரனும் ஒரே தொகுதியாகக் கழற்றி மாற்றக்கூடியவை. ஒரு நாட்டில் ஓய்வு பெற்ற எஞ்சினின் பாகம் இன்னொரு நாட்டு எஞ்சினுக்குப் பொருந்தும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழ்நாட்டின் நீலகிரி மலை ரயிலைப் பாருங்கள். அதன் பற்சில்லு நீராவி எஞ்சின்கள் சுவிற்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் அந்த மலைக்கென்றே செய்யப்பட்டவை. அதேபோன்ற எஞ்சின் வேறெங்கும் ஓடவில்லை. செய்த நிறுவனமும் இப்போது இல்லை. அதனால் திருச்சி பொன்மலைப் பணிமனையில் ஒவ்வொரு பாகத்தையும் தாங்களே செய்யவேண்டி வந்தது. அப்படிச் செய்து செய்து, 2011 முதல் முழு எஞ்சினையே புதிதாகச் செய்து மலைக்கு அனுப்பினார்கள். பொதுவான பாகம் என்றால் தேடு, தனித்த பாகம் என்றால் அளந்து செய். பெரிய எஞ்சினுக்கும் சின்ன எஞ்சினுக்கும் சட்டம் ஒன்றுதான்.

பலெர்மோவில் எங்கே தேடலாம்?

ஞாயிற்றுக்கிழமைகளில் பியாத்சா மரீனாவில், பெரிய ஆலமரங்கள் நிற்கும் பூங்காவைச் சுற்றிப் பழைய பொருள் சந்தை கூடும். பலாரோ சந்தைக்குப் பக்கத்தில் அல்பெர்கெரியாப் பகுதியிலும் பாவித்த பொருட்களைப் பரப்பி விற்பார்கள். அங்கே முழு எஞ்சினாகத் தேடாதீர்கள். உடைந்ததை, சில்லு இல்லாததை, மேற்கூடு இல்லாததைத் தேடுங்கள். விற்பவருக்கு அது குப்பை. உங்களுக்கு அது பாகக் களஞ்சியம். ஒரு பற்றரியும் துண்டுத் தண்டவாளமும் கையோடு கொண்டு போனால் அங்கேயே சோதிக்கலாம்.

திருகாணி, ஸ்பிரிங், மணல்தாள் போன்றவற்றுக்கு உங்கள் தெருவில் உள்ள ஃபெர்ரமெந்தா போதும். பழைய சீ.டீ. இயக்கியைக் கழற்றினால் உள்ளே சிறிய மோட்டர் கிடைக்கும். எரிந்துபோன லீமா மோட்டருக்குப் பதிலாக அதைப் பொருத்துவது பல நாடுகளில் ஆர்வலர்கள் பின்பற்றும் முறை. அப்படிச் செய்தால் கழற்றிய பழைய மோட்டரை எறியாமல் ஒரு பையில் போட்டு எஞ்சினின் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். நாளைக்கு ஒருவர் பழையபடி பூட்ட விரும்பலாம்.

இணையத்தில் சூபித்தோ, ஈபே போன்ற இடங்களில் தேடும்போது சரியான சொல் முக்கியம். ரிகாம்பி என்றால் உதிரிப்பாகம். “பெர் ரிகாம்பி”, “நொன் ஃபுன்சியொனாந்தே”, “தா ரிபராரே” என்று எழுதியிருப்பவை ஓடாத, மலிவான எஞ்சின்கள். எஸ்ப்ளோசோ என்றால் எல்லாப் பாகங்களையும் பிரித்து இலக்கமிட்டுக் காட்டும் வரைபடம். பாகத்தின் இலக்கம் அதில் இருக்கும். ஃபெர்மொதெல்லிஸ்மோ என்பது இந்தப் பொழுதுபோக்கின் பெயர். போர்சா ஸ்காம்பியோ என்பது ஆர்வலர்கள் கூடிப் பழையவற்றை விற்று மாற்றும் சந்தை. இத்தாலிய எழுத்துக்கூட்டல் தெரியாத பெற்றோர், பிள்ளைகளிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எம்மவரிடம் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. எமது உறவினர் இல்லாத நாடு இல்லை. மார்க்லின் பாகம் என்றால் ஜெர்மனியில் உள்ள மச்சானிடம் சொல்லுங்கள். அங்கே சில்லு இறப்பருக்கு ஹாஃப்ட்ரைஃபன் என்றும், கரிக்கு ஷ்லைஃப்கோலன் என்றும் பெயர். ஜூஃப் பாகம் என்றால் பாரிசில் உள்ள சித்தி. லீமாவின் பிரித்தானிய மாதிரிகள் என்றால் லண்டனில் உள்ள அண்ணன். ஒரு எச்சரிக்கை. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிந்தபின், 2021 முதல் அங்கிருந்து தபாலில் வரும் பொருளுக்கு ஈவா வரியும் தபாற் செலவும் சேர்ந்து பாகத்தின் விலையைத் தாண்டிவிடலாம். சின்னச் சாமான் என்றால் விடுமுறைக்கு வருபவரின் பையில் வருவதே மலிவு.

ஒரு பெரியவரின் எஞ்சின்

அண்மையில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் ஒரு எஞ்சினைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பொலிதேயாமாவுக்குப் பக்கத்தில் அவர் பராமரிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருடையது அது.

“அண்ணை, இதுக்குச் சாமான் கிடைக்குமோ? புரொஃபெசோரேக்குக் கண் வரவர மங்குது. வைத்தியர் கனகாலம் சொல்லேல்லை. ஒருக்கா ஓடுறதைப் பாக்கவேணும் எண்டு ஆசைப்படுறார்.”

கழற்றிப் பார்த்தோம். ஒரு பற்சில்லு வெடித்திருந்தது. சில்லு இறப்பர் இரண்டும் தூளாகியிருந்தன. வயதுக்கு வந்த வருத்தங்கள்தான். பற்களை எண்ணி, அளந்து, கடதாசியில் எழுதினோம். அடுத்த ஞாயிறு பியாத்சா மரீனாவில் ஒரு மேசையின் கீழே, கடதாசிப் பெட்டிக்குள் கூரை உடைந்த ஒரு ஜெர்மன் டீசல் எஞ்சின் கிடந்தது. நிறமும் வடிவமும் முற்றிலும் வேறு. புரட்டிப் பார்த்தோம். அதே நிறுவனம், அதே சில்லுத்தொகுதி, அதே எண்ணிக்கைப் பற்கள். இறப்பர் வளையத்தை டோட்முண்டில் இருந்து ஒரு உறவினர் தபால் உறையில் வைத்து அனுப்பினார்.

எஞ்சின் ஓடியபோது அந்தத் தம்பியின் மகளும் அங்கே இருந்தாள். பெரியவர் அவளிடம், மெசீனாவில் ரயிலைக் கப்பலுக்குள் ஏற்றும் விதத்தை இரண்டு புத்தகங்களை வைத்துக் காட்டினார். தகப்பன், தான் முதன்முதல் பலெர்மோவுக்கு வந்ததும் அப்படித்தான் என்றார். அது அவளுக்கு அதுவரை தெரியாதாம். “அப்பா, நீங்கள் கப்பலுக்குள்ள ரயிலில இருந்தனீங்களோ?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஏன் இந்தச் சிரமம்?

புதிய விளையாட்டு ரயில் ஒன்றை வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். வாங்கலாம். ஆனால் எமது வீடுகளில் எம்மைவிட வயதான பொருள் எத்தனை இருக்கிறது? ஊரில் இருந்து வரும்போது பெரும்பாலானோர் ஒரு பையோடு வந்தோம். தாத்தாவின் மணிக்கூடு, அம்மாவின் தையல் மெசின், எல்லாம் அங்கேயே போய்விட்டன. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் போனபோது, இங்கே பிறந்த பிள்ளைகளில் பலருக்கு அது செய்தியில் பார்த்த ஒரு படம் மட்டுமே. பழைய பொருளை வைத்துத் திருத்திப் பாவிக்கும் பழக்கமும் அந்த இடப்பெயர்வில்தான் எம்மிடம் அறுந்தது. இங்கே எதையும் எறிந்துவிட்டுப் புதிது வாங்குவது இலகு. பிள்ளைகளும் அதையே பார்த்துப் பழகுகிறார்கள்.

ஒரு எஞ்சினைக் கழற்றி, பழுதைக் கண்டுபிடித்து, அளந்து, நாடு நாடாகக் கேட்டு, பாகத்தை எடுத்துப் பூட்டி ஓடவைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் பிள்ளை, பழுதானது எல்லாம் முடிந்துபோனது அல்ல என்பதைக் கையால் படிக்கிறது. அதை வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது.

கடைசியாக மூன்று விடயங்கள். எஞ்சின் அருமையான பழைய ரிவரொஸ்ஸி என்றால், வர்ணம் பூசவோ மேற்கூட்டை வெட்டவோ முன்னர் விவரமறிந்தவரிடம் காட்டுங்கள். வேலைப்பாடு கெடாத பழைய எஞ்சினுக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு உண்டு. திருத்தியதை ஒருவருக்கு விற்பதென்றால், எந்தப் பாகம் புதிது என்பதைச் சொல்லியே விற்றுவிடுங்கள். கழற்றும்போது ஒவ்வொரு படியாகக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். திருகாணிகளை முட்டைத் தட்டில் வரிசையாகப் போடுங்கள். பூட்டும்போது அந்த வரிசையே உங்களுக்கு வழிகாட்டி.

கையில் ஓடாத எஞ்சின் இருப்பவர்கள், அடியில் உள்ள பெயர், தண்டவாள அகலம், பழுதான பாகத்தின் அளவு ஆகியவற்றை எழுதி வானொலி நிலையத்துக்குக் கொண்டுவந்து கொடுங்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன். வீட்டில் மேலதிகமாகக் கிடக்கும் உடைந்த எஞ்சின்களையும் எறியாமல் கொண்டுவாருங்கள். இன்னொருவர் தேடும் பற்சில்லு அதற்குள் இருக்கலாம்.

அடுத்த மாத உரையில் மீண்டும் சந்திப்போம்.